எட்டு வீடுகளுக்குக் குழாய் திறந்தவள்

நோரீன் ஆல்சப் லார்ச் க்ளோஸுக்குக் குடிவந்தபோது அங்கிருந்த ஒன்பது வீடுகளின் கதவுகளும் பச்சையாக இருந்தன. எல்லாம் நகராட்சி கட்டி வாடகைக்கு விட்டவை. இங்கிலாந்தின் டெர்பிஷையரில், சுரங்கம் மூடிய ஒரு சின்ன ஊர். கடைத்தெருவிலிருந்து மேடேறி வந்தால் குதிரை லாடம் போல வளைந்து முடிகிற முட்டுச்சந்து அது. இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய எட்டு வீடுகள், கோடியில் தனியாக ஒன்பதாவது. நோரீனுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் கணவன் க்ளைவ் பஸ் டிப்போவில் மெக்கானிக். குழந்தைகள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில், குடியிருப்பவர்களே வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. நோரீனுக்கு அதில் இஷ்டமில்லை.

"இப்ப கூரை ஒழுகினா நகராட்சிக்காரன் வர்றான். நாமளே வாங்கிட்டா யார் வருவா?"

"நான் ஏறிப் பாக்கறேன்."

"நீ ஏறினா மிச்சமிருக்கிற கூரையும் போயிடும்."

இருந்தாலும் வாங்கினார்கள். பத்திரம் கைக்கு வந்த முதல் சனிக்கிழமையே க்ளைவ் பச்சைக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, திராட்சைச் சிவப்பில் புதுக்கதவு மாட்டினான். இது எங்களுடையது என்று ஊருக்குச் சொல்ல அந்தச் சந்தில் அதுதான் வழி. அந்தக் கோடை முடிவதற்குள் ஒன்பது கதவுகளும் ஒன்பது நிறமாகிவிட்டன. பக்கத்து ஐந்தாம் எண்ணில் இருந்த கொத்தனார் செட்ரிக் பிளான்ட், மனைவி ஐவி பிடித்த பிடிவாதத்தால் மஞ்சள் அடித்தார். "தெருக்கோடியில இருந்து பாத்தா யாரோ முட்டையை உடைச்சு வீசின மாதிரி இருக்கு" என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஐந்தாம் எண்ணுக்கும் நோரீனின் ஆறாம் எண்ணுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து வாழ்த்து வரும். செட்ரிக் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், ஐவி எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறாள் என்பதெல்லாம் நோரீனுக்கு அத்துப்படி. அதற்காக அடிக்கடி போய் உட்கார்ந்து பேசிக்கொள்கிறவர்கள் என்றில்லை. வேலிக்கு மேல் நாலு வார்த்தை, கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான். முப்பது வருஷம் அப்படிப் போயிற்று.

க்ளைவ் முதலில் இறந்துபோனான். அடுத்த ஆண்டு ஐவி. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தக் கம்பெனி வந்தது.

என்ன கம்பெனி, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதன் சார்பாக பெத்தனி என்ற பெண், வீட்டுத் தரகு அலுவலகத்திலிருந்து வந்து போனாள். கம்பெனி பேரம் பேசவில்லை, வீட்டை உள்ளே வந்து பார்க்கக்கூட இல்லை, கடனில்லாமல் மொத்தப் பணமும் தந்தது. ஒன்றாம் எண் போயிற்று, பிறகு ஏழு, பிறகு ஒன்பது, பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. கடைசியாகப் போனது செட்ரிக். மாடிப்படியில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, ஸ்கெக்னஸ் கடற்கரைப் பக்கம் இருந்த மகள் மார்லீன் அவரைத் தன்னோடு கூட்டிப்போனாள். அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. சாவியைப் பெத்தனியிடம் கொடுத்துவிட்டு நோரீனிடம் வந்து, அன்றுதான் அறிமுகமானவர் போலக் கைகுலுக்கினார்.

"சரி, அப்ப வரட்டுமா."

"சரி, செட்ரிக். ஒடம்பைப் பாத்துக்கங்க."

கார் திரும்பிப் போயிற்று. சந்தில் நோரீன் மட்டும் மிஞ்சினாள்.

ஒரு மாதத்தில் ஆட்கள் வந்து எட்டுக் கதவுகளுக்கும் ஒரே சாம்பல் நிறம் அடித்தார்கள். சாமான்களை ஒழித்து, அடுப்பைக் கழற்றி, எல்லா ஜன்னலுக்கும் ஒரே மாதிரித் திரை போட்டார்கள். குடிவருவார்கள் என்று நோரீன் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. விலை ஏறட்டும் என்று கம்பெனி வாங்கிப் போட்டிருக்கிறது என்றார் கசாப்புக்கடைக்காரர். ஒவ்வொரு வீட்டின் முன்னறையிலும் ஒரு மேசை விளக்கு வைத்து, தானாக எரிந்து தானாக அணைகிற கருவியை மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் சரியாக ஐந்தரைக்கு எட்டு ஜன்னல்களும் ஒன்றாக மஞ்சளாகும். உள்ளே ஒரு நிழலும் அசையாது. சமையலறையில் பாத்திரம் தேய்த்தபடி நோரீன் அதைப் பார்ப்பாள். இருட்டாகவே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றும். இருட்டு வீடு காலி வீடு. இதை என்னவென்று சொல்வது?

செப்டம்பரில் பெத்தனி மறுபடி வந்தாள்.

"மிஸஸ் ஆல்சப், போன தடவை சொன்னதைவிட ரொம்ப நல்ல விலை தர்றாங்க. ஒரு தடவை யோசிங்க."

"யோசிச்சாச்சும்மா. என்னை விக்கச் சொல்றதுக்கு பதிலா, அங்க நாலு பேரைக் குடிவைக்கச் சொல்லு."

பெத்தனி சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. "அப்ப வேற ஒண்ணு கேக்கறேன். வாரம் ஒரு நாள் எட்டு வீட்டுக்கும் போய்க் குழாயைத் திறந்துவிடணும். தண்ணி ஓடாமக் கெடந்தா உள்ள கிருமி வந்துடுமாம். இன்சூரன்ஸ்காரங்க கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, கழிவறையில தண்ணி ஊத்தி, கீழ கெடக்கற தபாலைப் பொறுக்கி வெச்சாப் போதும். நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்க."

முட்டி வலித்தாலும் நோரீன் ஒத்துக்கொண்டாள். சும்மா இருந்து பழக்கமில்லை. தவிர, அந்த வீடுகளுக்குள் என்ன இருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் சாயங்காலங்களில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவிக்கொத்தோடு கிளம்புவாள். எல்லா வீடும் அவள் வீடு போலவே கட்டப்பட்டவை. சில இடம் வலமாக மாறியிருக்கும். மூன்றாம் எண்ணுக்குள் நுழைந்ததும் கை தானாக விளக்குப் பொத்தானைத் தேடி வெறுஞ்சுவரில் படும். அதே பதின்மூன்று படிகள், அதே குளியலறை. குழாயைத் திறந்தால் முதலில் இருமல் போல ஒரு காற்று, பிறகு பழுப்பாகக் கொஞ்சம், பிறகு தெளிந்த தண்ணீர். அந்த ஐந்து நிமிஷமும் அங்கேயே நிற்க வேண்டும். நிற்கும்போது காது தன்னிச்சையாக மற்ற அறைகளுக்குப் போய்விடும். கதவருகே கிடந்த கடிதங்களில் பழைய பெயர்கள் இருக்கும். செத்தவர்கள், ஊர் மாறினவர்கள். அவள் அந்தப் பெயர்களைச் சத்தமாகப் படிப்பாள். ஏதாவது ஒரு குரல் கேட்டால் தேவலை என்றுதான். ஆனால் அவள் குரல் காலி அறையில் போய்த் திரும்பி வருவது அவளுக்கே பிடிக்காமல், மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டாள்.

அக்டோபர் நடுவில் ஒரு வியாழன், ஐந்தாம் எண்ணின் கதவைத் திறந்தாள். டோஸ்ட் வாசனை அடித்தது.

ரொட்டி கொஞ்சம் கருகினால் வருகிற வாசனை. சமையலறைக்குப் போனாள். அடுப்பு இருந்த இடத்தில் சுவரில் ஒரு சதுரத் தடம். அலமாரிகளெல்லாம் காலி. குழாயைத் திறந்தாள். இருமவில்லை, தண்ணீர் எடுத்த எடுப்பில் தெளிவாக வந்தது.

என் வீட்டு வாசனைதான் சுவர் வழியாக வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று காலை அவள் சாப்பிட்டது கஞ்சி.

அடுத்த வியாழனும் அதே வாசனை. அதற்கடுத்ததும். மற்ற ஏழு வீடுகளில் ஒன்றுமில்லை. பெத்தனியிடம் சொல்லலாமென்று இரண்டு தடவை போனை எடுத்தாள். என்னவென்று சொல்வது? ஐந்தாம் எண்ணுக்கு மட்டும் முதலில் போய்விட்டு வருவதென்று வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். வேலை பாதி முடியும்வரை அது காத்திருக்கிறது என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை.

நவம்பர் கடைசி வியாழன் அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றபோது, பின்னறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"குழாயை இவ்வளவு நேரம் விட்டா மீட்டர் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டது குரல்.

கதவைத் தள்ளினாள். கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியின் மேல், ஓவர்கோட்டும் தொப்பியுமாகச் செட்ரிக் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியாம்மா?"

"இல்ல, குஷியில டான்ஸ் ஆடினேன்! உசிரே போயிடுச்சு. இங்க என்ன பண்றீங்க?"

"என் வீட்ல உக்காந்திருக்கேன்."

"இது உங்க வீடு இல்ல, செட்ரிக். நீங்க வித்துட்டீங்க."

"தெரியும். கையெழுத்து போட்டவன் நான்தானே." அவர் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. பின்சுவரில் ஒரு செங்கல் ஆடும், அதற்குப் பின்னால் இன்னொரு சாவி இத்தனை காலமும் இருந்தது, அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்றார். "போன வாரம் கூட்டாளி ஒருத்தன் சாவுக்கு வந்தோம். திரும்பறப்ப மார்லீன் இந்தப் பக்கமா காரை விட்டா. மணி அஞ்சரை. முன்னறையில லைட்டு போட்டிருந்துச்சு."

"அது தானா எரியற லைட்டு. எல்லா வீட்லயும் இருக்கு."

"எனக்கும் தெரியும் நோரீன். ஆனா அந்த ஜன்னல்ல லைட்டு எரிஞ்சா ஐவி உள்ள இருக்கான்னு அம்பது வருஷமா பழகிட்டேன். பாத்துட்டு அப்படியே கார்ல போறது, அவளை வாசல்ல நிக்கவெச்சுட்டுப் போற மாதிரி இருந்துச்சு."

நோரீன் குழாயை மூடிவிட்டு வந்தாள். வாசனைக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்ற ஆறுதலில் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. "ஒன்றரை மாசமா என்னை இப்படிக் கதிகலங்க வெச்சுட்டீங்களே."

"ஒன்றரை மாசமா? செவ்வாக்கிழமைதான் பஸ் ஏறி வந்தேன்."

"இந்தச் செவ்வாயா?"

"ஏன், ரெண்டு செவ்வாய் இருக்கா? பஸ் டிக்கெட்டு இதோ கோட்டுலயே இருக்கு."

"நீங்க இங்க டோஸ்ட் போடலையா?"

"எதுல போடறது, அடுப்பையே பிடுங்கிட்டுப் போயிட்டானுங்களே! இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு நான் டோஸ்ட் கடிக்கறதா? அது ஐவி சாப்பிடறது. கருக விட்டாத்தான் அவளுக்குப் பிடிக்கும்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கேக்கறே?"

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள். சொல்லிவிட்டாள். செட்ரிக் கவனமாகக் கேட்டார். பயப்படவில்லை. தொலைந்த சாமானைப் பற்றித் துப்புக் கிடைத்தவர் போல முகம் மலர்ந்தது. நோரீனுக்கு அந்த மலர்ச்சிதான் முதுகில் சில்லிட்டது.

அன்று மதியம் மார்லீனுக்குப் போன் செய்தாள்.

"அப்பா உங்களை ரொம்பத் தொந்தரவு பண்றாரா?" என்று மார்லீனே முந்திக்கொண்டாள். "நீங்கதான் கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொன்னீங்கன்னாரு. எனக்குத்தான் சங்கடமா இருந்துச்சு."

நோரீன் சுவரைப் பார்த்தாள். "இல்லம்மா. இங்கதான் இருக்கார். எவ்வளவு நாள் வேணா இருக்கட்டும்."

அப்படித்தான் செட்ரிக் அவள் பின்னறைக்கு வந்தார். தூங்குவதும் சாப்பிடுவதும் ஆறாம் எண்ணில். காலை சாப்பாடு முடிந்ததும் தொப்பியை வைத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்புகிறவர் போல ஐந்தாம் எண்ணுக்குப் போய்விடுவார். வாளியில் உட்கார்ந்து இடுப்புப் பிடித்துக்கொள்ளுமே என்று நோரீன் தன் தோட்டத்து மடக்கு நாற்காலியைக் கொடுத்தாள். அதை அவர் முன்னறை விளக்கின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா இருக்கேன்" என்பார். உடம்பு தேறிக்கொண்டே வந்தது.

டிசம்பரில் ஒரு மதியம், இருவரும் நோரீனின் சமையலறையில் ஆட்டுக்கறியும் பிசைந்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், தரையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நின்று, மறுபடி கொஞ்சம் இழுபட்டு, ஓய்ந்தது.

நோரீனின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"குழம்பு இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார் செட்ரிக்.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு. குழம்பு இருக்கா?"

மறுநாளே பெத்தனி முன்னறிவிப்பில்லாமல் சோதனைக்கு வந்தாள். நல்லவேளை, செட்ரிக் அன்று முடிவெட்டக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஐந்தாம் எண்ணின் முன்னறையைப் பார்த்துவிட்டுப் பெத்தனி திரும்பினாள்.

"இங்க யார் உக்கார்றாங்க?"

"நான்தான். முட்டிவலி. தண்ணி ஓடறவரைக்கும் நிக்க முடியல."

"பரவால்ல, உக்காருங்க. ஆனா ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு நாற்காலி?"

நோரீன் எட்டிப் பார்த்தாள். அவளுடைய மடக்கு நாற்காலிக்கு எதிரே, உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கிற தூரத்தில், ஒரு மர நாற்காலி. சமையலறையில் போடுகிற சாதாரண நாற்காலி. முதுகுப் பலகையில் ஒரு குச்சி உடைந்து கம்பி சுற்றியிருந்தது. அவள் அதை அங்கே பார்த்ததே இல்லை.

"கால் நீட்டிக்க," என்றாள். வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியவில்லை.

முடிவெட்டி வந்த செட்ரிக்கிடம் கேட்டாள். நீங்கள் எங்கிருந்தாவது தூக்கி வந்தீர்களா?

"இந்த இடுப்போடயா? நீதான் கொண்டாந்து போட்டேன்னு நெனச்சேன்," என்றார். பிறகு கம்பியைத் தடவிப் பார்த்தார். "இது நான் சுத்தினது." அன்றிலிருந்து நோரீன் அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனாலும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டாள். வாசல்படியில் நின்று கூப்பிடுவாள். சில நாள் அவள் கூப்பிடும்போது உள்ளே ஒரு பேச்சு பாதியில் நிற்கும். செட்ரிக்கின் குரல் மட்டும்தான். ஆனால் பதில் கேட்டுவிட்டுப் பேசுகிறவர்கள் இடைவெளி விடுவார்களே, அப்படி விட்டுவிட்டுப் பேசுவார்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்கு, கூப்பிட்டதற்கு அவர் வரவில்லை. நோரீன் உள்ளே போனாள். செட்ரிக் மடக்கு நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்து, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர் போல இருந்தார். கை இரண்டும் எதிர் நாற்காலியின் விளிம்பில். தொட்டுப் பார்த்தாள், குளிர்ந்துவிட்டது. அறையில் டோஸ்ட் வாசனை இல்லை. நாலு மாதத்தில் முதல்தடவையாக அந்த வீடு மற்ற ஏழு வீடுகளைப் போல வெறும் காலி வீடாக இருந்தது. அதை உணர்ந்தபோதுதான் நோரீனுக்கு அழுகை வந்தது.

ஆம்புலன்ஸ்காரர் மர நாற்காலியில் உட்கார்ந்துதான் தாளை எழுதினார். போலீஸிடம் நோரீன் ஒன்றையும் மறைக்கவில்லை. வாசனையையும் சத்தத்தையும் தவிர. மாலையில் மார்லீன் வந்தாள். கோபப்படுவாள் என்று நோரீன் எதிர்பார்த்தாள். மார்லீன் நாற்காலியின் முன்னால் நின்றாள்.

"இது அம்மாவோடது. வீட்டை ஒழிக்கறப்ப, பழைய சாமானைத் தானமா வாங்கி விக்கற தர்மக்கடைக்கு நான்தான் கொடுத்தேன். நாலு நாற்காலியும் சேத்து. இது எப்படி இங்க?"

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

மார்லீன் நாற்காலியைத் தூக்கிக் காரின் பின்னிருக்கையில் வைத்து, குழந்தைக்குப் போடுவது போல பெல்ட்டை மாட்டி எடுத்துப்போனாள்.

பெத்தனி போனிலேயே நோரீனை வேலையிலிருந்து நிறுத்தினாள். "எனக்கே அழுகையா வருது மிஸஸ் ஆல்சப், ஆனா வேற வழியில்ல." நோரீன் சாவிக்கொத்தைத் தபாலில் அனுப்பினாள். அந்த வார உள்ளூர்ப் பத்திரிகையில், விற்ற வீட்டிலேயே வந்து செத்த கிழவர் என்று செய்தி வந்தது. எட்டு வீடு ஏன் சும்மா கிடக்கிறது என்று நகராட்சிக் கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கம்பெனிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை போலும். ஏப்ரலில் அடுப்புகள் வந்தன, மேசை விளக்குகள் போயின, மே மாதம் சாமான் வண்டிகள் ஒவ்வொன்றாக மேடேறின.

இத்தனை நாள் ஆசைப்பட்டது அது. வந்தபோது நோரீனால் வெளியே போக முடியவில்லை. திரையை இழுத்துவிட்டு உள்ளேயே இருந்தாள். சுவருக்கு அப்பால் ஐந்தாம் எண்ணில் குழந்தைகள் ஓடின. யாரோ கத்தினார்கள், ஏதோ உடைந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இது யார் என்று தனக்குள் கேட்டு, உயிருள்ளவர்கள்தான் என்று தனக்கே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

நாலாம் நாள் கதவைத் தட்டினார்கள். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவன், கையில் குப்பைப் பையோடு நின்றான். கதவு திறந்ததும் அவன்தான் பின்னால் ஒரு அடி வைத்தான்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க. இங்க ஆள் இருக்காங்களா? நாங்க இது ஒண்ணுதான் காலி வீடுன்னு நெனச்சோம். சும்மாதான் தட்டிப் பாத்தேன். நான் டாரல், பக்கத்துல அஞ்சு."

நோரீன் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் வீட்டைப் பற்றி ஒருவன் அப்படி நினைத்துக்கொண்டு நாலு நாள் பக்கத்தில் இருந்திருக்கிறான் என்பது மெல்லத்தான் உள்ளே இறங்கியது.

"இருக்கேன்," என்றாள். குரல் கரகரத்தது. "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கேன்."

"குப்பை வண்டி என்னிக்குங்க வரும்? வீட்டுக் காகிதம் எதுலயும் போடல."

"திங்கக்கிழமை. கறுப்புத் தொட்டி ஒரு வாரம், பச்சை ஒரு வாரம். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வெளிய வெச்சுடணும், ஆறரைக்கெல்லாம் வந்துடுவான். அட்டைப்பெட்டியை மடிக்காமப் போட்டா எடுக்க மாட்டான், அந்த டிரைவர் ஒரு மாதிரி ஆளு..."

டாரல் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தான். அவன் மனைவி வேலிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். நோரீன் கதவை முழுசாகத் திறந்து வாசலுக்கு வந்தாள். மழை தூறத் தொடங்கியும், குப்பை விவரம் முடிந்தும், அவள் அவர்களைப் போகவிடவில்லை.